கை மாறிய படங்கள்

திருவள்ளுவர் ஆண்டு 2003, தை 4

அவையோரே! அன்னையரே! ஊருக்கு உடைமையான பன்னிரண்டு ஓவியங்களில் கள்ளக் கை புகுந்துவிட்டது. புகுத்தியவர் யார்? கேட்கிறேன், யார்?

கேட்பதற்கு இங்கே எவருமிலர். இருபத்தைந்து ஆண்டு மேடைப் பழக்கம் என்னை வெற்றுத் தாளையும் விளிக்க வைக்கிறது. இது என் நாட்குறிப்பு. இதில் உரக்கப் பேச வேண்டியதில்லை. உண்மை பேசினால் போதும்.

அம்பையில் நம் பொருநைப் படிப்பகத்துக்கு வரும் தை 22 அன்று வெள்ளிவிழா. அதன் சுவரில் பன்னிரண்டு ஆங்கில ஓவியங்கள் தொங்குகின்றன. நூற்றைம்பது ஆண்டுக்கு முன் எவனோ ஓர் ஆங்கில ஓவியன் தன் நாட்டுச் சிற்றூர் வீடுகளைச் செப்புத் தகட்டில் கீறி, அமிலத்தால் அரித்து, தாளில் அச்சிட்டவை. அரசரும் போரும் அவற்றில் இல்லை. வெண்ணெய் கடைபவள், ரொட்டி அரிபவள், தொட்டிலைக் காலால் ஆட்டிக்கொண்டே காலுறை பின்னுபவள், பன்றிக்குக் கழுநீர் ஊற்றுபவள். அணைப் பணிக்கு வந்திருந்த வெள்ளைப் பொறியாளரின் மனைவி, நாடு விடுதலை பெற்ற ஆண்டில் கப்பலேறும் முன் கொடுத்துச் சென்றார். இருபத்தைந்து ஆண்டாக ஊரார் அவற்றின் கீழமர்ந்து நாளேடு படிக்கிறார்கள். எவரும் தலை நிமிர்த்திப் பார்த்ததில்லை. நானும்தான்.

இன்று காலை படிப்பகத் தலைவர் கோமதிநாயகம் வீட்டுக்கே வந்தார். ஓவியங்களுக்குத் தூய தமிழில் பெயர் சூட்டித் தரவேண்டும், விழாவில் நானே சிறப்புரை என்றார். பிறகு பையிலிருந்து ஒரு மடலை எடுத்தார்.

“புலவரே, இதைப் பாருங்க. நம்ம புஷ்பம் குடுத்திருக்கா. பெருக்கித் தொடைக்கவளுக்கு வந்த வாழ்வைப் பாத்தீகளா?”

மரியபுஷ்பம் பதினோராண்டாகப் படிப்பகக் காப்பாளர். பின்கட்டில் ஓர் அறையில் தனியே குடியிருக்கும் கைம்பெண். நான் மலரம்மை என்றே அழைப்பேன். மடலில் ஒரே வரி: “அய்யா, ஊட்டுப் படங்கள் கை மாறி இருக்கு, கமிட்டி தயவுசெய்து விசாரிக்கணும்.” ‘ஊட்டுப் படங்கள்’ என்பது அவள் வழக்கு. வீட்டுப் படங்களாம்.

கை மாறியிருக்கிறது! அதாவது ஊர் உடைமை பிறர் கைக்குப் போய்விட்டது என்கிறாள். யார்மீது சுட்டுகிறாள்? பெயர் ஏன் எழுதவில்லை?

“நீங்களே விசாரிச்சு ஒரு ரிப்போட்டு எழுதிக் குடுத்திருங்க. புலவர் எழுதுனா ஊரு ஒத்துக்கிடும்” என்றார் தலைவர். எழும்போது, தம் பள்ளியில் ஆசிரியர் பணிக்கு நறுமுகை போட்ட விண்ணப்பத்தைப் பார்த்ததாகவும் சொன்னார். நறுமுகை என் ஒரே மகள். இரண்டுக்கும் தொடர்பில்லை. ஒரே நாளில் நிகழ்ந்தவை என்பதால் எழுதி வைக்கிறேன்.

தை 6

படிப்பகம் சென்றேன். நான் நுழைந்ததும் நாளேடு படித்திருந்த இருவர் பேச்சை நிறுத்தினர். ஏன் நிறுத்தினர் என்பதைக் குறித்துக்கொண்டேன்.

சுவரில் பத்துப் படங்களே இருந்தன. புதிய சட்டகம், புதிய கண்ணாடி, பின்புறம் பலகையில் நெருக்கமாக ஆணி. கடந்த ஆடியில் தலைவர் அவற்றைத் தூய்மை செய்ய வெளியூர் எடுத்துச் சென்று கார்த்திகையில் கொண்டுவந்தார். பளிச்சென்றிருக்கின்றன.

“மலரம்மா, கை மாறியிருக்கிறது என்று எழுதினீர்கள். யார் கையிலிருந்து யார் கைக்கு?”

“மலரம்மா இல்லய்யா, மரியபுஷ்பம். இருங்க, நாற்காலியத் தொடச்சிருதேன்.” துடைத்தாள். “நான் சொன்னது அந்தக் கை இல்ல. இந்தக் கை.” தன் இரு கைகளையும் என் முகத்துக்கு முன் நீட்டினாள். “இந்தப் பொம்பளையளுக்கெல்லாம் கை மாறிட்டு.”

“விளங்கவில்லை.”

“பதினோரு வருசமாத் தொடைக்கேன். துணிய எடது பக்கமிருந்துதான் ஓட்டுவேன். ரொட்டி அறுக்காள்ல, அவள்ட்ட மொதல்ல ரொட்டி வரும், பெறவு கத்தி வரும். இப்பம் கத்தி மொதல்ல வருது, ரொட்டி பெறவு வருது. கடையிறவ மொகம் நம்ம படிப்பக ஜன்னலைப் பாத்து இருக்கும். இப்பம் அலமாரியப் பாத்துட்டு நிக்கா. எல்லாரும் எடது கைக்காரியளா இருந்தாளுவ. வெளியூரு போயிட்டு வந்து வலது கைக்காரியளா ஆயிட்டாளுவ.”

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

“இன்னொண்ணும் உண்டு. பழைய படத்துல சுத்திவர ஒரு பள்ளம் ஓடும். மாவுல தட்டை வச்சு அமுக்குன மாதிரி, விரலுக்குத் தெரியும். வருசா வருசம் ஆவணியில கண்ணாடியக் கழத்தி ராமபாணப் பூச்சி தட்டுவேன், அப்பம் தடவிப் பாப்பேன். இப்பம் தொட முடியாம ஆணி அடிச்சுக் கொண்டாந்துட்டாக. ஒண்ணே ஒண்ணைக் கழத்தித் தடவிப் பாத்திருங்கய்யா. வெவகாரம் முடிஞ்சிரும்.”

மீதி இரண்டு எங்கே என்று கேட்டேன். ஆனியில் கூரை ஒழுகி நனைந்தனவாம். உலர்த்துவதற்காகத் தன் அறையில் வைத்திருந்தாளாம். அதனால் தலைவரோடு அவை போகவில்லையாம். இன்னும் அவள் பெட்டியில்தான் இருக்கின்றனவாம்.

ஊர் உடைமை காப்பாளரின் பெட்டிக்குள்! இதை அவளே, நான் கேட்ட பிறகு சொல்கிறாள். குறித்துக்கொண்டேன். அடிக்கோடும் இட்டேன்.

தை 7

பெயர் சூட்டும் பணி. ‘மோர்ப் பீப்பாய்’, ‘கணப்படுப்பு’, ‘நூற்சக்கரம்’. அமிலத்தால் அரித்து ஆக்கிய இவ்வகைப் படங்களுக்குப் பொதுப்பெயராக ‘அரிப்போவியம்’ என்று ஆக்கினேன். இல்லாள் ஆவுடைச்செல்வி எட்டிப் பார்த்து, “அரிப்போவியமா? எங்க அரிக்கி? சொறிஞ்சு விடவா?” என்றாள். மகளும் சேர்ந்து சிரித்தாள். சொல்லாக்கத்தை வளர்ப்பவனுக்கு வீட்டிலேயே எதிர்க்கட்சி.

தை 9

இரண்டையும் பார்த்துவிட்டேன்.

வெள்ளைப் புடவையில் சுற்றி, நாளேட்டுத் தாள்களுக்கிடையே வைத்து, கைக்குழந்தையை ஏந்துவதுபோல் கொண்டுவந்தாள். ஒன்று ஏழாம் படம். கணப்படுப்பின் முன் ஒரு தாய் மூன்று பிள்ளைகளுக்குக் கஞ்சி வார்க்கிறாள். மூத்த பிள்ளை கிண்ணத்தை வாயருகே வைத்துக் காத்திருக்கிறது. கடைக்குட்டி தாயின் பாவாடையைப் பற்றியிருக்கிறது. மற்றொன்று பதினோராம் படம். வாயிற்படியில் நின்று கோழிகளுக்குத் தவசம் இறைப்பவள்.

இருவரும் இடக்கையர்!

அவையோரே, எண்ணிப் பாருங்கள்! சுவரில் உள்ள பத்துப் படத்திலும் பெண்கள் வலக்கையால் அரிகிறார்கள், கடைகிறார்கள், நூற்கிறார்கள். உலக இயற்கை அது. இவள் பெட்டியிலிருந்த இரண்டில் மட்டும் இடக்கை. பெற்ற பிள்ளைக்கு இடக்கையால் கஞ்சி வார்க்கும் தாய் எந்நாட்டில் உண்டு? எம்மொழியில் உண்டு? பார்த்து எழுதிய கள்ள ஓவியன் தடுமாறி வலத்தை இடமாக்கி எழுதிவிட்டான். கை மாறியவை அந்தப் பத்தல்ல. இந்த இரண்டே.

பிறகு எதற்கு மடல்? அதுதான் சூழ்ச்சி. வெள்ளிவிழாவில் படங்களை எண்ணும்போது தன் களவு வெளிப்படும் என்று அஞ்சி, முந்திக்கொண்டு பத்தின்மேல் பழி போடுகிறாள்.

“தடவிப் பாருங்கய்யா, பள்ளம் இருக்கு” என்று இரண்டு முறை சொன்னாள். நான் கைகளைப் பின்னால் கட்டியே நின்றேன். அறிவுடையவனுக்குக் கண் போதும்.

தை 10

அறிக்கையில் கையொப்பமிட்டேன். நான்கு பக்கம். மலரம்மை என்னும் காப்பாளர் இரண்டு மூல ஓவியங்களை அகற்றிப் போலிகளை வைத்தார் என்பது முடிவு. தலைவர் எழுந்து நின்று வாங்கினார்.

“புலவர் சொன்னதுக்கு மேல ஒரு சொல்லா? இருபத்தி ரெண்டாம் தேதி பொதுக்குழுவுல தீர்மானம் போட்டு, அங்கனயே போலீசுல ஒப்படைச்சிருவோம். அந்த ரெண்டு படத்தையும் எங்கிட்டக் குடுத்திருங்க, பத்திரமா வச்சிருக்கேன்.”

“சான்றுப்பொருள் சான்றாளனிடம் இருப்பதே முறை” என்றேன். என் வீட்டுப் பேழையில் வைத்துப் பூட்டிவிட்டேன். தலைவரின் முகம் ஒரு நொடி வேறாயிற்று. வெயிலாக இருக்கலாம்.

நறுமுகைக்கு இன்று பள்ளியில் நேர்காணல். பெயரை மட்டும் கேட்டு அனுப்பிவிட்டார்களாம். “தமிழ் வாத்தியாரு வேலைக்குத் தமிழ்ல ஒரு கேள்விகூடக் கேக்கலப்பா” என்றாள். அவளுடைய தகுதி முகத்திலேயே தெரிந்திருக்கும்.

தை 12

வலக்கைக் கட்டைவிரலில் நகச்சுற்று. பேனாவைப் பிடிக்க இயலவில்லை. இதை இடக்கையால் எழுதுகிறேன்.

எழுத்து நேராக வருகிறது. ஏனென்று எழுத விரும்பவில்லை.

தை 13

தலைவரின் வண்டியோட்டி வந்தான், படங்களைக் கேட்டு. கொடுக்கவில்லை.

தை 14

மீண்டும் வந்தான். இம்முறை ஒரு குலை வாழைப்பழமும் கொண்டுவந்தான். பழத்தை வாங்கிக்கொண்டேன். படத்தைக் கொடுக்கவில்லை. இவ்வளவு விரைவு ஏன்? விழா ஏற்பாடுகளில் தலைவர் மிகுந்த பொறுப்புடையவர், அதனால் இருக்கும்.

தை 15

பிற்பகலில் மலரம்மை வந்தாள். நான் முன்னறையில் இந்தக் குறிப்பேட்டோடு இருந்தேன். இல்லாள் அவளை உள்ளே அழைத்து உட்கார வைத்துக் காப்பி கொடுத்தாள். என்னைக் கேட்காமலே.

“ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டாகய்யா. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். களவாணி எங்கயாவது மனு எழுதிக் குடுப்பாளா?”

“தன்மேல் ஐயம் வராதிருக்கக் கள்வரே முதலில் கூவுவதும் உண்டு.”

“அப்பம் கூவாதவுகெல்லாம் நல்லவுகளா? தலைவரு ஒருநாளும் கூவலயே?”

இல்லாள் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் போனாள்.

“நீங்க எழுதுனதை வாசிச்சுக் காட்டுனாக. அழகாத்தான் எழுதிருக்கீக. ஆனா எம்பேரை மாத்தி எழுதிட்டீகளே? போலீசு வந்து மலரம்மைன்னு ஒருத்தியத் தேடட்டும். நான் பாட்டுக்குக் கோழியப் பாத்துட்டு இருக்கேன்.”

அவள் பேச்சில் கூர்மை இருந்தது. பிறகு குரல் இறங்கிற்று. “வள்ளியூருல தம்பி வீட்டுக்குப் போலாம்னு ஆளு சொல்லிவிட்டேன். களவாணின்னு பேரு கழிஞ்ச பெறவு வா, இங்க வயசுக்கு வந்த புள்ளைக இருக்குன்னு பதில் சொல்லிவிட்டான். இருபத்தி ரெண்டாம் தேதிக்குப் பெறவு எனக்குப் போக்கிடம் ஜெயிலுதான். அங்கயாவது கூரை ஒழுகாம இருக்கும்.”

நான் என்ன சொல்ல இயலும்? சான்று சான்றுதான் என்றேன்.

எழுந்தவள் குறிப்பேட்டைப் பார்த்தாள். “வலது கையில கட்டுப் போட்டிருக்கீக. எடது கையால இம்புட்டு அழகா எழுதுதீகளே! ஒங்களுக்கும் கை மாறிட்டாய்யா?”

ஏட்டை மூடினேன்.

தை 16

இல்லாள் பேசவில்லை. குழம்பில் உப்பும் இல்லை.

தை 19

இன்று நடந்ததை அப்படியே எழுத வேண்டும். என் கருத்தைப் பின்னால் சேர்ப்பேன்.

விழா அறிவிப்புத் தாளின் அச்சுப்படியைத் திருத்த அச்சகம் சென்றேன். அச்சுக் கோப்பவர் இசக்கிமுத்து, அறுபதைக் கடந்தவர், முதல் தாளை நீட்டினார். அதன் நடுவே நான்! இசக்கிமுத்தே செதுக்கிய என் உருவம், மேடையில் கையுயர்த்தி முழங்குவதுபோல. உயர்ந்திருப்பது இடக்கை.

“இசக்கிமுத்து! என்ன இது? ஊர் முழுதும் ஒட்டப்போகும் தாளில் என்னை இடக்கையனாக்கி இழிவு செய்கிறீரா? உம்மை ஏவியவர் யார்?”

“யாரும் ஏவலய்யா. கோவப்படாதீக. ஒங்க போட்டோவப் பாத்து லினோலியம் ஒட்டுன கட்டையில அப்படியே நேராச் செதுக்கிட்டேன். திருப்பிச் செதுக்க மறந்துட்டேன். அச்சுல மாறிட்டு.”

“நேராகச் செதுக்கியது எப்படி மாறும்?”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “புலவரே, முப்பது வருசமா நம்ம அச்சாபீசுக்கு வாரீக. இதுகூடத் தெரியாதா?” என்று ஈய எழுத்தொன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ‘க’. அது வலமிடமாகத் திரும்பியிருந்தது. “கட்டையில வலதுன்னா தாள்ல எடது. அச்சுன்னா அம்புட்டுத்தான். எழுத்தைத் திருப்பியே வார்த்திருக்கு, அதனால நேரா விழுது. படம் வரையிறவன் திருப்ப மறந்தா மாறித்தான் விழும்.”

எந்தப் படம் என்று சொல்லாமல் கேட்டேன். “செப்புத் தகட்டில் கீறி அச்சிடும் படமானால்?”

“அதுவுந்தான். வலது கையால ரொட்டி அறுக்கிறவளப் பாத்துத் தகட்டுல அப்படியே கீறுவான். தாள்ல அவ எடது கைக்காரியா வருவா. வெள்ளைக்காரன்னா அச்சு வேற மாதிரியா விழும்?”

“அந்தத் தாளைப் பார்த்து இன்னொருவன் படியெடுத்தால்?”

“கல்லுல வரஞ்சு எடுப்பான். சிவகாசியில காலண்டருக்கு இன்னும் ரெண்டு மூணு கெழவனுக கல்லுலதான் வரைதானுக. எடது கையப் பாத்து எடது கையாவே வரைவான். அச்சடிச்சா வலது கையாயிரும். பாக்க நேரா இருக்குன்னா ரெண்டு வாட்டி திரும்பிருக்குன்னு அர்த்தம்.”

“விளிம்பில் பள்ளம்...”

“தகடு தாளை அமுக்கும்லா? ஓரத்துல பள்ளம் விழும். கல்லச்சுல விழாது. எதுக்குக் கேக்கீக?”

எதற்குமில்லை என்றேன். அந்த ஈய எழுத்து என் கையிலேயே இருந்தது. திருப்பிக் கொடுக்க மறந்து வீடு வந்து சேர்ந்தேன்.

என் கருத்து: இசக்கிமுத்துவுக்கும் மலரம்மைக்கும் பழக்கம் உண்டா என்று கேட்டறிய வேண்டும்.

தை 20

பழக்கம் இல்லை. அவர் அவளைக் கண்டதுமில்லை.

காலையில் பேழையைத் திறந்தேன். ஏழாம் படத்தைப் பலகைமேல் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு விளிம்பில் விரலை ஓட்டினேன். இருந்தது. நான்கு பக்கமும் மெல்லிய பள்ளம். மாவில் தட்டை வைத்து அமுக்கியதுபோல. அவள் சொன்ன சொல்லே அதற்குச் சரியான சொல். பதினோராம் படத்திலும் இருந்தது.

இது மட்டும் போதாது என்று என்னுள் ஒரு குரல் வழக்காடிற்று. பத்தையும் தொட்டுப் பார்த்தால்தானே? படிப்பகம் ஓடினேன். வாயிலில் புதிதாக ஒரு காவலாள். “படத்துல கை வைக்கக்கூடாதுன்னு தலைவரு உத்தரவு. ஒங்களுக்குந்தான்” என்றான்.

எனக்கும்தான்! என் பெயரைத் தனியே சொல்லி வைத்திருக்கிறார்.

திரும்பி வந்து, விழா அறிவிப்புத் தாளிலுள்ள என் இடக்கை உருவத்தை இல்லாளிடம் காட்டி, அச்சு என்னை எப்படித் திருப்பிவிட்டது பார் என்றேன். பேச்சை அப்படித் தொடங்கினால் மற்றதையும் சொல்லிவிடலாம் என்று எண்ணினேன்.

அவள் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “இதுல என்ன தப்பு? அந்தக் காலத்துல நீங்க எடது கையத்தானே தூக்குவீக. கல்யாணத்துக்கு முன்ன படிப்பகத் திறப்புவிழாவுல பேசுனீகளே, எங்க அண்ணன் கூட்டிட்டு வந்து காட்டுனான். எடது கையத் தூக்கிட்டு நிக்காரே, இவருதான் மாப்பிள்ளைன்னு. பெறவுல்லா யாரோ மேடையில எடது கை மரியாதை இல்லன்னு சொன்னான்னு கண்ணாடி முன்ன நின்னு மாத்திக்கிட்டீக.”

“இல்லை.”

“என்ன இல்ல? ஒங்க அம்மா எங்கிட்டச் சொல்லிருக்காக. ஏழு வயசு வரைக்கும் எடது கையில துணியச் சுத்திக் கட்டி வச்சாகளாம். சோத்துல அந்தக் கை பட்டா ஒங்க அப்பா அகப்பையாலயே போடுவாராம்.”

பெட்டியின் அடியிலிருந்து திறப்புவிழா ஒளிப்படத்தை எடுத்தேன். இருபத்தைந்து ஆண்டாக அதை ஏன் சுவரில் மாட்டாமல் அடியில் வைத்திருந்தேன் என்பது எனக்குத் தெரியும்.

மேடையில் இருபத்து மூன்று அகவையில் நான். இடக்கை வானத்தை நோக்கி. தலைக்குமேல் கட்டிய துணியில் ‘பொருநைப் படிப்பகம்’ என்று எழுத்துகள் நேராகப் படிக்க வருகின்றன. ஒளிப்படம் திரும்பவில்லை. என் தோளுக்குப் பின்னே சுவரில் புதிதாக மாட்டிய ஓவியம். ரொட்டி அரிபவள். கத்தி அவளுடைய இடக்கையில்.

இடக்கையர் இருவர், ஒரே படத்தில். அவளை இன்று சுவரில் காணோம். என்னையும்.

தை 21

தலைவர் வீட்டுக்குப் போனேன். சட்டகம் ஒன்றைக் கழற்றிப் பார்க்க ஒப்புதல் வேண்டும் என்றேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்: “நறுமுகைக்கு ஆர்டரு டைப் அடிச்சாச்சு, புலவரே. இன்னைக்கு வந்து சேரும். நாளைக்குக் கூட்டம் முடிஞ்ச பெறவு வேலையில சேந்துக்கிடட்டும். என்ன, முடிஞ்ச பெறவு.”

“முன்பு சேர்ந்தால் என்ன?”

“நல்ல நேரம் அப்பந்தான் இருக்கு.” சிரித்தார். “நீங்க அய்யம் பிடிச்ச ஆளுன்னு ஊருக்கே தெரியும். எம்மேலயே வராம பாத்துக்கிடுங்க. நாலு பக்கம் கையெழுத்துப் போட்டது நீங்கதானே? போலின்னு சொன்னவரும் நீங்க, இல்லன்னு சொல்லுறவரும் நீங்களான்னு ஊரு சிரிக்கும்லா.”

நான் வணக்கம் சொல்லி வந்துவிட்டேன். ஆம், வணக்கம் சொன்னேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

பணி ஆணை எனக்கு முன்பே வீட்டுக்கு வந்திருந்தது. நறுமுகை அதைப் பிரித்துப் படித்து மேசைமேல் வைத்திருந்தாள். பக்கத்தில் அந்த ஒளிப்படமும், இரண்டு ஓவியங்களும். நேற்றிரவு என்னிடம் கேட்டறிந்த எல்லாவற்றையும் தாய் சொல்லியிருக்கிறாள்.

“அப்பா, ஒண்ணு கேக்கேன். இந்த வேலை எனக்கா, ஒங்க கையெழுத்துக்கா?”

“நீ தகுதி உடையவள்.”

“எங்கிட்ட ஒரு கேள்விகூடக் கேக்கலயேப்பா. எந்தத் தகுதிய வச்சுக் குடுத்தாக?” ஆணையை மடித்து உறையில் போட்டாள். “நான் எங்கயாவது டுடோரியல்ல சேந்துக்கிடுதேன். நாளைக்கு எதுக்குப் பேசப்போறோம்னு மட்டும் நீங்க முடிவு பண்ணுங்க. புஷ்பத்தைப் புஷ்பம்னே சொல்லுங்க. அது அவுக பேரு.”

பெற்றெடுத்துப் பெயர் சூட்டியவன் நான். இன்று எனக்குச் சொல் கற்பித்தவள் அவள்.

தை 22, காலை

நகச்சுற்று ஆறி நான்கு நாளாயிற்று. இதை இடக்கையால்தான் எழுதுகிறேன்.

விடிந்ததும் படிப்பகப் பின்கட்டுக்குப் போனேன். அவள் கோழிகளைக் கூடையில் அடைத்துக்கொண்டிருந்தாள். பதினோராம் படத்தின் பெண் நினைவுக்கு வந்தாள். இவள் கோழிகளுக்குத் தவசம் இறைப்பது வலக்கையால்.

“மரியபுஷ்பம் அம்மா, இன்று மாலை கூட்டத்துக்கு வாருங்கள். முன்வரிசையில் அமருங்கள்.”

“எதுக்கு? போலீசுக்குத் தேட வசதியா இருக்கட்டும்னா?”

“நான் தவறிழைத்தேன். தடவிப் பார்த்தேன். பள்ளம் இருந்தது.”

அவள் கூடையின் வாயைக் கட்டினாள். “எங்கிட்டச் சொல்லி என்னய்யா ஆவப்போவுது? எனக்குத்தான் முன்னமே தெரியுமே. தெரியாதவுக கிட்டச் சொல்லுங்க. நீங்கதான் சத்தமாப் பேசுறவுகளாச்சே.”

இன்று மாலை பேச வேண்டியது. திருத்தமில்லாமல் எழுதுகிறேன். இதில் ஒரு சொல்லை மேடையில் மாற்றினாலும் நான் மனிதனல்லன்.

அவையோரே! அன்னையரே! ஊருக்கு உடைமையான பன்னிரண்டு ஓவியங்களில் கள்ளக் கை புகுந்துவிட்டது. களவு போனவை இரண்டு என்று நான்கு பக்கம் எழுதிக் கையொப்பமிட்டவன் நான். அது பொய். களவு போனவை பத்து. எஞ்சியவை இரண்டு. அந்த இரண்டையும் எஞ்சவைத்தவர், மழையில் நனைந்தவற்றைப் புடவையில் சுற்றிக் காத்த மரியபுஷ்பம். இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறாரே, அவர். எனக்கு உண்மையை விரலால் தொட்டுப் பார்க்கச் சொன்னார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். இடக்கை என்றால் இழிவு, வலக்கை என்றால் உண்மை என்று எனக்கு அகப்பையால் கற்பித்திருந்தார்கள். நான் அதைக் கொண்டு ஒரு பெண்ணைக் கள்ளியாக்கினேன். என் மகளுக்கு வந்த பணி ஆணை இதோ இந்த மேசைமேல் இருக்கிறது. எதற்காக வந்தது என்பதைக் கொடுத்தவர் சொல்லட்டும்.

பத்துப் படங்களை ஆடியில் எடுத்துச் சென்றவர் யார்? கார்த்திகையில் ஆணியடித்துக் கொண்டுவந்தவர் யார்? என் வீட்டிலிருந்த இரண்டையும் கேட்டு இரண்டு முறை ஆளனுப்பியவர் யார்? நான் பெயர் சொல்லமாட்டேன். ஐயத்தை வைத்து ஒருவரைக் கள்வர் என்று சொல்லும் தொழிலை இன்றோடு விட்டுவிட்டேன். நீங்கள் விரலை வைத்துச் சொல்லுங்கள்.

இதோ என் கையிலிருக்கும் இரண்டு ஓவியங்கள். முன்வரிசையிலிருந்து கைமாற்றிக் கொடுத்து, ஒவ்வொருவரும் விளிம்பைத் தடவுங்கள். அந்தப் பள்ளத்தை நினைவில் வையுங்கள். பிறகு எழுங்கள். நாளை வேண்டாம், அடுத்த பொதுக்குழு வேண்டாம். இப்போதே எழுங்கள். காவலாளை விலகச் சொல்லுங்கள். சுவரிலிருக்கும் பத்தையும் இறக்குங்கள். ஆணியைப் பிடுங்குங்கள். கண்ணாடியைக் கழற்றுங்கள். வலக்கையோ இடக்கையோ, எந்தக் கையாயினும் சரி, தொடுங்கள்!